அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்: போடலாமா, போட்டால் எப்படி?

இங்கிலாந்தில் வீட்டின் பின்பக்கம் கிச்சன் எக்ஸ்டென்ஷன் எழுப்பும்போது, அஸ்திவாரம் முடிந்த கையோடு பில்டர் ஒன்று கேட்பார்: சுவரில் ரேடியேட்டர் மாட்டவா, தரைக்கு அடியில் குழாய் போடவா? அதற்கு அப்போதே பதில் சொல்லியாக வேண்டும். தரையை மூடிய பிறகு மனம் மாறினால் உடைத்துத்தான் போட முடியும். எந்த வீட்டுக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது, போடுவதென்று முடிவானால் எந்தெந்த இடத்தில் கண்ணை மூடாமல் நிற்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

தரைச்சூடு நன்றாக அமைவதும் அமையாததும் குழாயின் பிராண்டில் இல்லை. அறை எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது, குழாய்க்குக் கீழே எவ்வளவு இன்சுலேஷன் இருக்கிறது, மேலே என்ன விரிக்கப் போகிறீர்கள் ஆகிய மூன்றும்தான் முடிவு செய்யும். கடைக்காரர் குழாயையும் தெர்மோஸ்டாட்டையும் காட்டுவார். நீங்கள் இந்த மூன்றையும் கேளுங்கள்.

வகை இரண்டு. ஒன்று, பாய்லரிலோ ஹீட் பம்பிலோ (வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் கருவி) சூடான தண்ணீர் பிளாஸ்டிக் குழாயில் தரைக்குள் ஓடுவது. மற்றது, டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி பதித்த மெல்லிய பாய். மின் பாயைப் போடுவது சுலபம், தரையை அதிகம் உயர்த்தாது. ஆனால் பிரிட்டனில் மின்சார யூனிட் எரிவாயு யூனிட்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. 3 சதுர மீட்டர் பாத்ரூமில் காலையும் மாலையும் சில மணி நேரம் ஓட்டுவதற்கு அது சரியான பொருள். முழு ஹாலையும் குளிர்காலம் பூராவும் அதில் சூடாக்கினால் பில் தாங்காது. எக்ஸ்டென்ஷன், புது வீடு, முழுத் தரைத்தளம் என்றால் தண்ணீர்க் குழாய்தான்.

முதலில் வெப்ப இழப்புக் கணக்கு

ரேடியேட்டர் போதவில்லை என்றால் பெரியதாக மாற்றிவிடலாம். தரையை அப்படிப் பெரிதாக்க முடியாது. அதன் சூட்டையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1264-இன்படி, மனிதர் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. பாத்ரூமில் 33 வரை போகலாம். வெளிச்சுவரை ஒட்டி, ஆட்கள் அதிகம் நிற்காத ஓரப் பட்டையில் 35 வரை அனுமதி உண்டு.

அறை 20 டிகிரியில் இருக்க, தரை 29 டிகிரியில் இருந்தால் ஒரு சதுர மீட்டர் தரும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட். அதுதான் உச்சவரம்பு. தரை 25 டிகிரியில் இருந்தால் 50 வாட்டை ஒட்டிக் கிடைக்கும்.

இன்றைய கட்டட விதிப்படி இன்சுலேஷன் போட்டுக் கட்டிய 20 சதுர மீட்டர் எக்ஸ்டென்ஷனுக்குக் கடுங்குளிர் நாளில் 1,000 வாட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 50 வாட். தரை 25 டிகிரியில் இருந்தாலே போதும், காலுக்கும் இதமாக இருக்கும். இதையே வரிசையாக ஒட்டிக் கட்டிய நூறு வருஷத்துப் பழைய டெரஸ் வீட்டின் முன்னறைக்குப் போட்டுப் பாருங்கள். இன்சுலேஷன் இல்லாத செங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், 16 சதுர மீட்டருக்கு 1,600 வாட் தேவை. சோஃபா, அலமாரி அடைத்த இடம் போக வெப்பம் தரும் தரை 12 சதுர மீட்டர்தான் மிஞ்சுகிறது. சதுர மீட்டருக்கு 133 வாட் வேண்டும், தரை தரக்கூடியதோ 100. எந்தக் குழாய் போட்டாலும் அந்த அறை ஜனவரியில் குளிரும். அங்கே பணத்தை முதலில் சுவருக்கும் ஜன்னலுக்கும் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் ரேடியேட்டரையும் விட்டுவைக்க வேண்டும்.

அறை அறையாக வெப்ப இழப்பு எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தராமல் "எல்லா இடத்திலும் 200 மி.மீ. இடைவெளியில் போட்டுவிடலாம்" என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

போட்டால் கிடைப்பது

முதல் லாபம் தண்ணீரின் சூடு குறைவதில். ரேடியேட்டர்களுக்கு வழக்கமாக 60, 70 டிகிரியில் தண்ணீர் அனுப்புகிறார்கள். குழாயை மூடி ஊற்றும் சாந்துப் படலமான ஸ்கிரீட்டின் மேல் டைல்ஸ் போட்ட தரைக்கு 35 முதல் 45 போதும். ஹீட் பம்ப் வைத்திருப்பவருக்கு இது நேரடிப் பணம். அனுப்பும் தண்ணீரை ஒரு டிகிரி குறைத்தால் மின்செலவு இரண்டு, மூன்று சதவீதம் குறையும். 50-இல் ஓட்டுவதை 38-இல் ஓட்டினால் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். கண்டென்சிங் வகை எரிவாயு பாய்லருக்கும் லாபம் உண்டு. திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அந்த வெப்பத்தையும் பிடிக்கும். தரையிலிருந்து திரும்பும் தண்ணீர் 30, 35-தான். இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், புதிதாகப் போடும் தண்ணீர் ஹீட்டிங்கை 55 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த சூட்டுக்கு வடிவமைக்க வேண்டும் என்பது கட்டட விதி. தரைச்சூடு அந்த வரம்புக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது.

இரண்டாவது, சுவர் முழுக்க உங்களுக்கு. கிச்சனில் ரேடியேட்டருக்காக ஒரு அலமாரியை இழக்க வேண்டியதில்லை. தவழும் குழந்தை சுடுகிற இரும்பைத் தொட்டுவிடுமோ என்ற பயமும் இல்லை.

மூன்றாவது, சூடு காலிலிருந்து மேலே வருகிறது, கூரைக்கடியில் போய்த் தேங்குவதில்லை. நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. வெறுங்காலில் நடக்கிறோம், தரையில் சப்பணமிட்டு உட்காருகிறோம், பாய் விரித்துச் சாப்பிடுகிறோம், பூஜை அலமாரி முன் உட்கார்ந்து எழுகிறோம். ஷூவோடு நடமாடும் வீட்டைவிட இந்தச் சூடு நமக்கு அதிகம் பயன்படுகிறது. இதைச் சொகுசு என்று ஒதுக்கத் தேவையில்லை.

எங்கே இடிக்கும்

வேகம் கிடைக்காது. 75 மி.மீ. மணல்-சிமெண்ட் ஸ்கிரீட் 20 சதுர மீட்டருக்கு 3 டன் எடை. அந்த எடையை 5 டிகிரி சூடாக்கவே 4 யூனிட் வெப்பம் வேண்டும். மண்சட்டியைப் போல மெதுவாக ஏறும், மெதுவாக ஆறும். ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்து பட்டனைத் தட்டினால் அறை சூடாக ஒன்பதாகிவிடும். அதனால் இதை அணைத்து அணைத்துப் போடக் கூடாது. இரவில் இரண்டு, மூன்று டிகிரி மட்டும் இறக்கி, விடியற்காலையில் முன்கூட்டியே ஏற்ற வேண்டும். பகல் முழுக்க ஆளில்லாமல், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் புழங்கும் அறைக்கு ஸ்கிரீட் தரைச்சூடு வீண். தெற்குப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவு உள்ள அறையில் இன்னொரு தொல்லை: காலையில் தரை சூடேறியிருக்கும், பத்து மணிக்கு வெயில் உள்ளே வரும், அறை 24-ஐத் தாண்டிவிடும், தரையை உடனே ஆற்ற வழியில்லை.

உயரம் அடுத்தது. புதுத் தரையில் இன்சுலேஷன், ஸ்கிரீட், டைல்ஸ் எல்லாம் சேர்ந்து 180 முதல் 240 மி.மீ. எடுக்கும். தோண்டும்போதே இதைக் கணக்கில் வைத்தால் பிரச்சினை இல்லை. இருக்கும் தரைக்கு மேலே ஒட்டும் மெல்லிய பலகை வகை 15 முதல் 25 மி.மீ. உயரத்தில் முடியும். அதற்கே கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், கிச்சன் யூனிட்டுகளின் உயரம் மாறும். மாடிப்படியையும் மறந்துவிடாதீர்கள். தரை 25 மி.மீ. உயர்ந்தால் முதல் படி மட்டும் மற்ற படிகளைவிடக் குட்டையாகிவிடும், இறங்குபவர் தடுக்கி விழுவார். படிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதியும்கூட.

பழுது வந்தால் கையில் எட்டாது. பெக்ஸ், பி.ஈ.ஆர்.டி. எனப்படும் நல்ல பிளாஸ்டிக் குழாய்கள் 50 ஆண்டு உழைக்கும் கணக்கில் தயாரிக்கப்படுகின்றன, தானாக ஒழுகுவது அபூர்வம். பெரும்பாலும் ஒழுகுவது, யாராவது தரையில் ஆணியோ திருகோ இறக்கிய பிறகுதான். கதவு நிறுத்தி பொருத்தியவர், கிச்சன் ஐலண்டைத் தரையோடு திருகியவர், டைல் ஓரப் பட்டை அடித்தவர் ஆகியோர் செய்யும் வேலை அது.

மேலே என்ன விரிக்கலாம்

தரைவிரிப்பு வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்பதை 'டாக்' என்ற அளவில் சொல்வார்கள். கடையில் கார்பெட் வாங்கும்போது சாம்பிளின் பின்னால் இருக்கும். கணக்கு சுலபம்: தரை சதுர மீட்டருக்கு 50 வாட் தர வேண்டும் என்றால், ஒவ்வொரு 1 டாக் தடுப்புக்கும் தண்ணீரை 5 டிகிரி கூடுதலாகச் சூடாக்க வேண்டும்.

போர்சலின் டைல்ஸும் கல்லும் தடுப்பது 0.1 டாக் அளவுதான், கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். 14, 15 மி.மீ. இன்ஜினியர்டு மரம் சுமார் 1 டாக். கார்பெட்டும் அடிவிரிப்பும் சேர்ந்து 2.5 டாக்கைத் தாண்டினால் தரைச்சூடு போட்டதே வீண். ஹீட் பம்ப் உள்ள வீட்டில் 1.5-க்குள் நிறுத்துங்கள். தடித்த கம்பளம் ஒன்றைப் பின்னால் வாங்கி நடு ஹாலில் விரித்தாலும் இதே விளைவுதான். கால் இல்லாத சோஃபாவும் அடியில் இழுப்பறை வைத்த கட்டிலும் அப்படியே. கால் உயர்ந்த சாமான்களாகத் தேர்ந்தெடுங்கள்.

மரம், லாமினேட், வைனல் மூன்றுக்கும் மேற்பரப்பு வரம்பு 29 இல்லை, பெரும்பாலும் 27 டிகிரி. தயாரிப்பாளரின் தாளில் எழுதியிருக்கும். இந்த இரண்டு டிகிரியில் உச்சவரம்பு சதுர மீட்டருக்கு 75, 80 வாட்டாக இறங்கிவிடுகிறது. வெப்ப இழப்புக் கணக்கை அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். அகலமான திட மரப்பலகை தரைச்சூட்டில் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும், சில சமயம் குழிந்தும் போகும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய இன்ஜினியர்டு மரம்தான் நிற்கும்.

குழாய் போடும் வேலை

கீழிருந்து மேலாகப் பார்ப்போம். கான்கிரீட் தளம், அதன் மேல் ஈரத்தடுப்பு விரிப்பு, பிறகு இன்சுலேஷன் பலகை. இங்கிலாந்தில் எக்ஸ்டென்ஷனின் புதுத் தரை சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.18 வாட்டுக்கு மேல் இழக்கக் கூடாது. அதற்கு பி.ஐ.ஆர். எனப்படும் கெட்டி நுரைப் பலகை 100 முதல் 150 மி.மீ. வரை தேவைப்படும். பலகைகளின் இணைப்புகளை டேப் ஒட்டி மூடுங்கள். இங்கே மிச்சம் பிடிக்க நினைக்கவே வேண்டாம். அறைக் காற்றைவிடச் சூடான பொருளை மண்ணுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். இன்சுலேஷன் மெலிந்தால் காசு கொடுத்து நிலத்தைச் சூடாக்குவோம், அதை எந்தக் காலத்திலும் சரிசெய்ய முடியாது.

சுவரோரம் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. நுரைப்பட்டை நிறுத்த வேண்டும். ஸ்கிரீட் சூட்டில் விரிய இடம் வேண்டும், சுவருக்குள் வெப்பம் கசியவும் கூடாது. பலகைக்கு மேல் பாலிதீன் விரிப்பு. இதை விட்டுவிட்டால் பலகையின் அலுமினியத் தாளைச் சிமெண்ட் அரிக்கும், திரவ ஸ்கிரீட் இடுக்குகளில் இறங்கிப் பலகையை மிதக்க வைக்கும்.

வீடுகளுக்கு வழக்கம் 16 மி.மீ. குழாய், ஆக்சிஜன் புகாத உறை உள்ளது. அந்த உறை இல்லாத மலிவுக் குழாய் வழியே காற்று தண்ணீரில் கரைந்து, வீட்டின் மற்ற ரேடியேட்டர்களும் பம்பும் துருப்பிடிக்கும்.

எவ்வளவு குழாய் வேண்டும்? 200 மி.மீ. இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு 5 மீட்டர், 150-க்கு 6.7 மீட்டர், 100-க்கு 10 மீட்டர். தண்ணீரைப் பல குழாய்களுக்குப் பிரித்துவிடும் பட்டைக்கு மேனிஃபோல்ட் என்று பெயர்; அதில் கிளம்பி அதற்கே திரும்பும் ஒரு குழாய் ஒரு சுற்று. ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதில் மேனிஃபோல்டுக்குப் போய்வரும் நீளமும் அடக்கம். நம் 20 சதுர மீட்டர் அறைக்கு 150 மி.மீ. இடைவெளியில் 133 மீட்டர். இரண்டு சுற்றாகப் பிரித்து, போய்வரும் நீளத்தைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் 75 மீட்டரை ஒட்டி வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால் பின்னால் சமன் செய்வது எளிது. ஹீட் பம்புக்கு 200 மி.மீ. இடைவெளி வேண்டாம், 150 அல்லது 100 போடுங்கள். குழாய் நெருங்கினால் தண்ணீரின் சூட்டைக் குறைக்கலாம், கூடுதல் குழாயின் விலை ஒரே ஒரு முறை செலவு.

ரேடியேட்டரை ஜன்னலுக்குக் கீழே வைப்பதற்குக் காரணம், கண்ணாடியிலிருந்து இறங்கும் குளிர்காற்றைத் தடுப்பது. தரைச்சூட்டில் அந்த வேலையைச் செய்ய, பெரிய கண்ணாடிக் கதவை ஒட்டிய ஒரு மீட்டருக்கு 100 மி.மீ. இடைவெளியில் நெருக்கிப் போட வேண்டும். பாய்லரிலிருந்து வரும் சூடான முனை முதலில் அந்தப் பக்கம் போகட்டும். குழாயைக் கையால் மடக்கும்போது 80 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் நசுங்கும். நசுங்கிய இடத்தை நிமிர்த்திவிட்டு மறைக்க விடாதீர்கள், அந்தச் சுற்றைப் புதிதாக ஓட்டச் சொல்லுங்கள். தரைக்குள் இணைப்பே இருக்கக் கூடாது, ஒரு சுற்றுக்கு ஒரே துண்டுக் குழாய்.

கிச்சன் யூனிட், ஐலண்ட், ஃப்ரிட்ஜ், டாய்லெட் இவற்றுக்கு அடியில் குழாய் வேண்டாம். அதற்கு கிச்சன் வரைபடம் குழாய்க்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அரிசி மூட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் ஸ்டோர் மூலையையும் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். அடியில் சூடு ஓடினால் வெங்காயமும் கிழங்கும் சீக்கிரம் முளைவிடும்.

மேனிஃபோல்ட் வீட்டின் நடுவாக்கில், படிக்கட்டுக்குக் கீழ் போன்ற இடத்தில் இருந்தால் நல்லது. மூலையில் வைத்தால் எல்லாச் சுற்றுகளின் குழாயும் ஒரே நடைபாதையில் நெருக்கியடித்துப் போகும், அந்த இடம் மட்டும் கொதிக்கும். தவிர்க்க முடியாவிட்டால் அங்கே குழாய்களுக்கு உறை போடச் சொல்லுங்கள்.

குழாய் போட்டு முடிந்ததும் தண்ணீர் நிரப்பி 4 முதல் 6 பார் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். ஸ்கிரீட் ஊற்றும்போதும் அந்த அழுத்தம் இருக்கட்டும். கரண்டி பட்டுக் குழாய் கிழிந்தால் மானி உடனே காட்டிக்கொடுக்கும். கடுங்குளிரில் கட்டுமானம் நடந்தால் தண்ணீர் உறையாமல் ஆன்டிஃப்ரீஸ் சேர்க்க வேண்டும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரோரமும் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துத் தரையில் ஓட்டை போட வேண்டி வந்தால் அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

ஸ்கிரீட்டில்தான் அவசரம் கெடுக்கிறது

மணல்-சிமெண்ட் ஸ்கிரீட் என்றால் 65 முதல் 75 மி.மீ., அன்ஹைட்ரைட் எனப்படும், ஜிப்சம் வகைத் திரவ ஸ்கிரீட் என்றால் 50 மி.மீ. திரவ ஸ்கிரீட் குழாயைச் சுற்றிக் காற்று இடைவெளி விடாமல் மூடும், மெலிதாக இருப்பதால் சீக்கிரம் சூடேறும். அதை ஈரம் தங்கும் இடத்தில் போடக் கூடாது. 40 சதுர மீட்டருக்கு மேல் ஒரே பரப்பாக ஊற்றினாலோ ஒரு பக்கம் 8 மீட்டரைத் தாண்டினாலோ விரிவு இணைப்பு வேண்டும். கதவு வாசலிலும் வேண்டும். அந்த இணைப்பைக் கடக்கும் குழாய்க்கு 300 மி.மீ. நீள உறை போட வேண்டும்.

இனி காத்திருப்பு. மணல்-சிமெண்ட் முதல் 50 மி.மீ.க்கு ஒரு நாளைக்கு 1 மி.மீ. காயும், அதற்கு மேல் பாதி வேகம். 75 மி.மீ. காய 100 நாள். 50 மி.மீ. அன்ஹைட்ரைட்டுக்கு சுமார் 60 நாள். கிச்சன் கம்பெனியும் டைல்ஸ் போடுபவரும் அவசரப்படுத்துவார்கள், பில்டர் "ஹீட்டிங்கைப் போட்டுக் காயவைத்துவிடலாம்" என்பார். செய்யலாம், முறையோடு. சிமெண்ட் ஸ்கிரீட்டுக்கு 21 நாளும் அன்ஹைட்ரைட்டுக்கு 7 நாளும் ஆன பிறகுதான் முதல் சூடு. அதுவும் தண்ணீர் 25 டிகிரியில் மூன்று நாள், பிறகு வடிவமைப்பின் உச்ச சூட்டுக்கு ஏற்றி நான்கு நாள். முதல் நாளே 50-இல் விட்டால் மேல்பக்கம் காய்ந்து சுருங்கி விரிசல் விடும், ஓரங்கள் சுருண்டு எழும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்ப்பது சோதனை இல்லை. ஈரமானிப் பெட்டியைத் தரையில் ஒட்டி வைத்து அளந்து, ஈரப்பதம் 75 சதவீதம் அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் மரமும் வைனலும் போடலாம். அன்ஹைட்ரைட்டின் மேல் வெண்மையான மெல்லிய ஏடு படியும். அதைத் தேய்த்தெடுத்து, பிரைமர் பூசிய பிறகே டைல்ஸ். நேரடியாகச் சிமெண்ட் பசை பூசினால் ஜிப்சமும் சிமெண்டும் வினைபுரிந்து, சில மாதத்தில் டைல்ஸ் முழுசாகக் கழன்று வரும். பசை வளைந்து கொடுக்கும் எஸ்1 வகையாக இருக்கட்டும்.

பழைய வீட்டின் மரத்தரையில் ஸ்கிரீட் கிடையாது. விட்டங்களுக்கு இடையே இன்சுலேஷன் அடைத்து, மேலே அலுமினியத் தகடு வைத்து, அதன் பள்ளத்தில் குழாயை அழுத்த வேண்டும். தகடு வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்பும். தகடு இல்லாமல் குழாயை மட்டும் தொங்கவிட்டால் பலகையில் குழாய் போகும் கோடு மட்டுமே சுடும். தண்ணீர் 45 முதல் 55 டிகிரி தேவைப்படும். வெளிச்சுவரின் அடியிலுள்ள காற்றுத் துளைச் செங்கலை இன்சுலேஷன் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் விட்டங்கள் உளுத்துப்போகும்.

தண்ணீர் நிரப்பி, சமன் செய்து

எல்லாச் சுற்றையும் ஒன்றாகத் திறந்து நிரப்பினால் காற்று உள்ளேயே சிக்கும். ஒரு சுற்றைத் திறந்து மற்றவற்றை மூடி, குழாய்த் தண்ணீரை விட்டுக் குமிழி நிற்கும் வரை ஓட்டி, அதை மூடிய பிறகு அடுத்தது. முடிந்ததும் துருத்தடுப்பு மருந்து சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. அந்தச் சுற்று தர வேண்டிய வாட்டை, போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மறுபடி 70-ஆல் வகுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 500 வாட் சுற்றுக்கு, 7 டிகிரி வித்தியாசத்தில், நிமிடத்துக்கு 1 லிட்டர். மேனிஃபோல்டில் இருக்கும் கண்ணாடிக் குழலில் அந்த அளவைத் திருகி வைக்கலாம். பல வீடுகளில் இந்தக் குழல்கள் முழுக்கத் திறந்தபடியே விடப்பட்டிருக்கும். குட்டைச் சுற்று தண்ணீரை எல்லாம் வாங்கிக்கொள்ளும், நீளச் சுற்று உள்ள அறை குளிரும்.

பாய்லரோடு ரேடியேட்டர்களும் இருந்தால் கலப்பு வால்வு அவசியம். 65-இல் வரும் தண்ணீரை அது 40, 45-க்கு இறக்கித் தரைக்கு அனுப்பும். முழு வீடும் தரைச்சூடு, மூலம் ஹீட் பம்ப் என்றால் கலப்பு வால்வு வேண்டாம். ஹீட் பம்பே வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டை மாற்றிக்கொள்ளட்டும். அறைக்கு அறை தெர்மோஸ்டாட் வைத்துத் துண்டு துண்டாக்கவும் வேண்டாம். சின்ன பாத்ரூம் ஒன்று மட்டும் சூடு கேட்கும்போது பாய்லரோ ஹீட் பம்போ அதற்காகக் கிளம்பி, இரண்டு நிமிடத்தில் நின்று, மறுபடி கிளம்பும். மின்செலவும் தேய்மானமும் கூடும். பாத்ரூமையும் அதை ஒட்டிய நடையையும் ஒரே மண்டலமாகச் சேர்த்துவிடுங்கள்.

மின் பாய் போடுவதென்றால்

வழக்கம் சதுர மீட்டருக்கு 150 வாட். கண்ணாடிக்கூடம் போலக் குளிரும் இடத்துக்கு 200. அடியில் 10 மி.மீ. இன்சுலேஷன் பலகை ஒட்டாமல் கான்கிரீட்டின் மேல் நேரே போட்டால் சூடேற மணிக்கணக்காகும். பாயின் வலையை வெட்டித் திருப்பலாம், கம்பியை ஒருபோதும் வெட்டக் கூடாது, ஒன்றன் மேல் ஒன்று படவும் கூடாது.

வாங்கியவுடன், விரித்த பிறகு, டைல்ஸ் போட்ட பிறகு என்று மூன்று தடவை மின்தடையை அளந்து எழுதுங்கள். 3 சதுர மீட்டர், 450 வாட் பாய் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 118 ஓம் காட்ட வேண்டும். இரண்டாவது அளவுக்கும் மூன்றாவதுக்கும் இடையே எண் மாறினால் டைல்ஸ் போட்டவரின் கரண்டி கம்பியில் பட்டிருக்கிறது. பசை காயும் முன்னரே தெரிந்தால் அந்த டைலை எடுத்துச் சரிசெய்யலாம். தரை உணர்வியை இரண்டு கம்பி வரிசைகளுக்கு நடுவே, சிறு குழாய்க்குள் வையுங்கள். கெட்டால் உருவி மாற்றலாம், டைலை உடைக்க வேண்டாம். மின்கம்பியும் சூடாகும் கம்பியும் சேரும் தடித்த இணைப்பு பசைக்குள் முழுதாகப் புதைந்திருக்க வேண்டும். காற்றில் நின்றால் அதிகச் சூடேறி அதுவே முதலில் போகும். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கட்டாயம். பாத்ரூமில் இந்த வேலையைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் தர வேண்டும். டைல்ஸ் பசை முழுக்கக் காயும் வரை, பொதுவாக ஒன்று இரண்டு வாரம், சுவிட்சைப் போடாதீர்கள்.

சூடு வரவில்லை என்றால்

ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் முதலில் மேனிஃபோல்டில் அந்தச் சுற்றின் கண்ணாடிக் குழலைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை ஏற்றி ஐந்து நிமிடம் கழித்தும் அளவு பூஜ்யத்திலேயே நின்றால், அந்தச் சுற்றின் வால்வைத் திறந்து மூடும் மோட்டார் தொப்பியைக் கழற்றுங்கள். அதன் கீழே ஒரு சிறு ஊசி இருக்கும். விரலால் அழுத்தினால் இறங்கி எழ வேண்டும். கோடை முழுக்க ஓடாமல் கிடந்ததில் அது சிக்கிக்கொள்வது வழக்கம், சில தடவை அழுத்தி விட்டால் விடுபடும். ஊசி நன்றாக இருந்து தொப்பி எழாமல் இருந்தால் தொப்பியை மாற்ற வேண்டும். தொப்பியும் எழுகிறது, தண்ணீர் மட்டும் ஓடவில்லை என்றால் காற்று. அந்தச் சுற்றை மட்டும் மறுபடி கழுவி ஓட்டுங்கள்.

ஹாலின் தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் கிச்சன் சூடாகிறதென்றால் வயர்கள் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கின்றன. எல்லா அறையும் வெதுவெதுப்போடு நின்றால் கலப்பு வால்வையும் பம்பையும் பாருங்கள். மேனிஃபோல்டில் தரைக்குத் தண்ணீர் போகும் பட்டையின் வெப்பமானி 40 காட்ட வேண்டிய இடத்தில் 28 காட்டினால் கோளாறு தரையில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. போகும் தண்ணீர் 40, திரும்புவது 38 என்றால் தண்ணீர் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது, இல்லையென்றால் மேலே விரித்த கம்பளம் வெப்பத்தை வாங்கவிடவில்லை. 40-இல் போய் 25-இல் திரும்பினால் ஓட்டம் போதவில்லை.

அழுத்த மானி வாரத்துக்கு வாரம் இறங்கினால், தரையை உடைக்கும் யோசனைக்கு முன் மேனிஃபோல்டின் இணைப்புகளில் டிஷ்யூ தாளைச் சுற்றி ஈரம் பாருங்கள், பாய்லரின் விரிவுத் தொட்டியையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவை சரியென்றால் ஒவ்வொரு சுற்றாக மூடி, எதில் அழுத்தம் இறங்குகிறது என்று பிரித்தறியலாம். சுற்று தெரிந்த பிறகு வெப்பக் கேமரா வைத்துப் பார்த்தால் கசியும் இடம் பரவலான சூட்டுத் திட்டாகத் தெரியும். நீங்கள் எடுத்துவைத்த படங்களோடு ஒப்பிட்டு, ஒன்றிரண்டு டைல்ஸை மட்டும் எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தில் அந்தக் குழாய்க்கென்றே வரும் அழுத்து இணைப்பைப் போட்டு, ஸ்கிரீட் அதை அரிக்காதபடி டேப் சுற்றி, மறுபடி 6 பாரில் சோதித்து மூடலாம்.